பச்சை ஷீட்டுக்குக் கீழே

கூரை வேலை பார்க்கிறவனுக்கு ஊர்க்காரர்களின் முகத்தைவிட உச்சந்தலைதான் அதிகப் பழக்கம். யாருக்கு வழுக்கை விழுகிறது, யார் நரைக்குச் சாயம் பூசுகிறார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். என் பெயர் ஈஸ்வரன். போடியில் இருபது வருடமாகத் தகர ஷீட்டும் ஃபைபர் ஷீட்டும் போடுகிறேன். நான் சொல்ல வந்தது சுருளியம்மாளைப் பற்றி. இதில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை. ஒருவனாவது இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனைத் திட்டிவிட்டு நான் பாட்டுக்குச் சோறு தின்றிருப்பேன். அப்படி யாரும் இல்லாததால் பழி சுற்றிச் சுற்றி என் கையில்தான் வந்து நிற்கிறது.

எங்களுடையது ஏலத்தை ஏலம் விடுகிற ஊர். இடுக்கி மலையில் காய்க்கிற ஏலக்காயில் பெரும்பகுதி ஜீப்பில் இறங்கி இங்கே வந்து சேரும். வியாபாரிகள் அதை வாங்கித் தங்கள் ஸ்டோரில் கொட்டி, பெண்களை வைத்துப் பொறுக்கித் தரம் பிரித்து வடக்கே அனுப்புவார்கள். பாண்டித்துரையின் ஸ்டோர் முந்தல் ரோட்டில் இருக்கிறது. நீளமான தகரக் கொட்டகை. சன்னல் கிடையாது, வைக்கவும் மாட்டார்கள். ஏலக்காய்க்கு முதல் எதிரி வெயில். நல்ல பச்சைக் காயைக் கொஞ்ச நாள் வெளிச்சம் படும்படி விட்டால் வெளுத்துப்போகும், வெளுத்தால் அவ்வளவுதான். அதனால் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைச் சாக்குக்குள் வைத்து, சாக்கை இருட்டில் அடுக்குவார்கள். வெயிலில் காய்ப் பையைப் பிரிப்பது அந்தத் தொழிலில் செய்யக் கூடாத காரியம். பதினோரு பெண்கள் டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, முன்னால் தட்டு வைத்து, பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், சொறி விழுந்தது ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அதில் ஒருத்தி என் மனைவி மகாராணி. அவளுக்கு இடப்பக்கம், வரிசையின் முதல் ஆளாக, சுருளியக்கா.

அக்கா பிறந்தது ராசிங்காபுரம். பதினெட்டு வயதில் ராக்கையாவைக் கட்டிக்கொண்டு, விடியுமுன்னே ஜீப்பில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து மலையேறியவள். பன்னிரண்டு வருடம் காய் பறித்தாள். அங்கே ஒட்டிக்கொண்ட மலையாளம் அப்புறமும் போகவில்லை. தட்டு நிறைந்தால் போதும் என்று சொல்ல மாட்டாள், ‘மதி’ என்பாள். ஒரு ஆடிக் காற்றில் மரக்கிளை முறிந்து விழுந்து ராக்கையா தோட்டத்திலேயே செத்துப்போனார். பிள்ளை குட்டி இல்லை. மலையைப் பார்க்கவே பிடிக்காமல் கீழே வந்து, பாண்டித்துரையின் அப்பா காலத்தில் அந்த ஸ்டோரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் இருபத்தாறு வருடமாக எழுந்திருக்கவில்லை என்று மகாராணி கேலி செய்வாள்.

ஸ்டோரில் ஒரு பேச்சு உண்டு. ‘கண்ணு பட்டுருச்சு’ என்று ஊருக்குள் சொன்னால் பூசணிக்காயைத் தேடி ஓடுவார்கள். அங்கே அது நல்ல வார்த்தை. மூட்டை கட்டுமுன் பாண்டித்துரை கேட்பது ஒரே கேள்விதான்: “சுருளியக்கா கண்ணு பட்டுருச்சா?” பட்டிருந்தால் தைக்கலாம். ஒரு கை அள்ளிப் பரப்பி, ஒரு பார்வை பார்த்து, இது வண்டன்மேட்டுக் காய், இது நெடுங்கண்டத்துக் காய், இது அடுப்பில் கூடுதலாகக் காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணைத் தவிர அவளுக்கென்று வேறு சொத்து கிடையாது.

சர்க்கரை அந்தக் கண்ணைத்தான் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு மகாராணிதான் கூட்டிப்போனாள். புரையாக இருக்கும், அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று அக்கா தைரியமாகத்தான் போனாள். டாக்டர் இது புரை இல்லை, கண்ணுக்குப் பின்னால் நரம்பு கெட்டிருக்கிறது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற மாதாமாதம் மதுரைக்கு வந்து கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு மாதம் போனாள். மூன்றாவது மாதம் பாண்டித்துரை, “என்னக்கா, மாசாமாசம் மதுரையில என்ன சோலி?” என்று சாதாரணமாகக் கேட்டார். அதோடு நிறுத்திவிட்டாள். கண்ணைக் காப்பாற்றப் போனால் கண் போன விசயம் வெளியே தெரிந்துவிடும் என்று பயம். பின்னால் இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் யாரைத் திட்டுவது?

அதற்குப் பிறகுதான் வெளிச்சம் கேட்க ஆரம்பித்தாள். “டியூப்லைட்டுல நெறம் பிடிபடல முதலாளி. மேல கொஞ்சம் பகல் வெளிச்சம் வந்தா நல்லாருக்கும்.” அவள் கேட்டு அவர் இல்லையென்று சொன்னதில்லை. என்னைக் கூப்பிட்டு விட்டார்.

“ஈஸ்வரா, வெளிச்சம் வரணும், வெயில் வரக் கூடாது. அப்படி ஒரு ஷீட்டு கொண்டா.”

நான் பால் வெள்ளை ஷீட்டில் ஒரு துண்டைக் காட்டினேன். “இது வெயிலை உடைச்சுப் பரப்பி விட்டுரும் முதலாளி. காயிக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஆகாதுன்னு நீ சொல்ற. வெளுத்துப் போச்சுன்னா நீயா திங்கப்போற? மலையில நாத்துக்கு மேல நிழலுக்கு என்ன கட்டுறாங்க? பச்சை நெட்டுதானே. பச்சையில ஷீட்டு இருக்கா?”

இருந்தது. தேனிக் கடையில் விற்காமல் அடுக்கிக் கிடந்தது. அதுவரை கார் நிறுத்துகிற கொட்டகைக்கும் கோழிப் பண்ணைக்கும்தான் நான் பச்சை போட்டிருக்கிறேன். காருக்கும் கோழிக்கும் நிறம் பார்க்கிற சோலி இல்லை. அந்த ஒரு யோசனை அன்றைக்கு என் மண்டையில் உதித்திருக்கலாம். உதிக்கவில்லை. மறுநாள் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் வாசலில் நின்றேன். அக்கா ஒரு கைப்பிடிக் காயோடு வந்தாள். அவள் தலைக்கு மேலே முதலில் வெள்ளையைப் பிடித்தேன். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. கூசுது என்றாள். அடுத்துப் பச்சையைப் பிடித்தேன். உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றாள். எனக்குக் கை வலிக்கும்வரை நின்றாள்.

“இதுதான் கண்ணுக்குக் குளுமையா இருக்கு முதலாளி,” என்றாள்.

“அக்காவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன,” என்றார் பாண்டித்துரை.

வேலை நான்கு நாள். நான்கு தகரத்துக்கு ஒன்று என்று எடுத்துவிட்டுப் பச்சையைச் செருகி, ரப்பர் வாசர் வைத்து முடுக்கினேன். மேற்குச் சுவரின் உச்சியிலும் ஒரு வரிசை கொடுத்தேன். முதல் நாள் தகரத்தைக் கழற்றியதும் அந்தத் திறப்பு வழியாகக் கீழே பார்த்தேன். நேர் கீழே சுருளியக்கா. ஒவ்வொரு காயையும் மூக்கு முட்ட உயர்த்திப் பார்க்கிறாள். பிறகு கட்டை விரலால் உருட்டுகிறாள். பிறகு ஏதோ ஒரு பக்கம் வைக்கிறாள். பக்கத்திலிருந்து ஒரு கை சத்தமில்லாமல் நீண்டு, அவளுடைய பச்சைக் குவியலுக்குள் புகுந்து, வெளுத்த காயைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பியது. அந்தக் கையில் கிடந்த வளையல் நான் வாங்கிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் மகாராணியைக் கேட்டேன். “எம்புட்டு நாளா இது நடக்குது?”

“ஆறு மாசமா.”

“முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?”

“சொன்னா வீட்டுல போயி உக்காருன்னுவாரு. அந்த வீட்டுல அவுகளுக்கு யாரு இருக்கா? நாலு செவுருதான் இருக்கு. வாயப் பொத்திக்கிட்டு உங்க சோலியப் பாருங்க.”

பொத்திக்கொண்டேன். இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

பச்சை வெளிச்சம் வந்ததும் ஸ்டோரே குளிர்ந்துபோனது. தோட்டத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார்கள் பெண்கள். கொட்டுகிற காயெல்லாம் செடியிலிருந்து அப்போதுதான் கிள்ளியது போல இருந்தது. வெளுப்புக் குவியல் சிறுத்துக்கொண்டே வந்தது; இந்த வருசம் காய் நல்ல காய் என்று பாண்டித்துரைக்கு ஒரே சந்தோசம். மகாராணி ஒருநாள் என்னிடம், “அக்கா தட்டுல இப்பக் குத்தமே இல்லங்க. வெளிச்சம் வந்ததும் கண்ணு தெளிஞ்சிருச்சு போல,” என்றாள். அவள் கை நீள வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. நான் ஒரு புண்ணியம் பண்ணிவிட்டதாக நினைத்து அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து டெல்லிக்குப் போன லோடு திரும்பி வந்தது. அதற்கு மறுவாரம் இன்னொன்று. பச்சை என்று சொல்லி வெளுப்பைக் கலந்து ஏமாற்றுகிறாய் என்று அங்கே இருக்கிறவன் போனில் கத்தினானாம். பாண்டித்துரை சாக்கைப் பிரித்துப் பச்சை வெளிச்சத்தில் கொட்டிப் பார்த்தார். எல்லாம் பச்சை. ஒன்றும் புரியாமல் ஒரு நாள் முழுக்கத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் பதினொரு மணிக்கு என்னையும் வரச் சொன்னார். நான் போனபோது பெண்கள் எல்லாரும் தட்டோடு ரோட்டு ஓரத்தில் நின்றார்கள். அவர் ஒரு கறுப்புப் பையைத் தூக்கிவந்து, நல்ல வெயிலில், தரையில் விரித்த தார்ப்பாயில் அறுத்துக் கொட்டினார். அந்த ஸ்டோரில் அப்படி ஒரு காரியம் அதற்கு முன் நடந்ததில்லை.

கொட்டியதில் மூன்றில் ஒரு பங்கு வைக்கோல் நிறத்தில் கிடந்தது. மகாராணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாண்டித்துரை என் பக்கம் திரும்பினார். “ஷீட்டா போட்ட ஈஸ்வரா? பதினோரு பேரு கண்ணையும் கட்டி விட்டிருக்க.”

பச்சையைக் கேட்டது அவர்தான், தூக்கிப் பிடித்துக் காட்டியது நான். தப்பு ஷீட்டில் மட்டும்தானா, கையிலும் இருக்கிறதா என்று பார்க்க, ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளி அங்கேயே பிரிக்கச் சொன்னார். பத்துப் பேரும் கண்ணிமைப்பதற்குள் பிரித்துவிட்டு எழுந்தார்கள். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். உருட்டினாள், முகர்ந்தாள், காதருகே வைத்து ஆட்டிக்கூடப் பார்த்தாள். அவள் முன்னால் இரண்டு குவியல் இருந்தது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மகாராணியின் கை தன்னையறியாமல் நீண்டது.

“மகாராணி, கைய எடு,” என்றார் பாண்டித்துரை. பிறகு அக்காவின் எதிரில் குந்தி உட்கார்ந்து, “எம்புட்டு நாளாக்கா?” என்று கேட்டார்.

அவள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “பச்சையக் கழட்டிராதீங்க முதலாளி. அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்குக் கீழ இவளுகளுக்கும் எனக்கும் ஒண்ணுபோலத்தானே தெரியும்.”

வாசலில் என் கை வலிக்கும்வரை அவள் எதைப் பார்த்தபடி நின்றாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. பத்துப் பேருடைய பிழைப்பையும் ஒரு ஸ்டோரின் பெயரையும் பணயம் வைத்திருக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன். அந்தக் கோபம் அவள் அழத் தொடங்கும்வரைகூட நிற்கவில்லை. ஐம்பத்தாறு வயதுப் பெண் ரோட்டில் உட்கார்ந்து, “மதுரைக்கு ஏன் போகலைன்னு கேக்காதீங்க முதலாளி, போனா நீங்க அனுப்பிருவீங்கன்னு பயந்துதான் போகலை,” என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். பஸ்சில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் ஒன்று கேட்டாள். “ரோட்டு வெயில்ல கண்ணு கூசிருச்சு முதலாளி. உள்ள வெள்ளை ஷீட்டப் போட்டு ஒரே ஒரு நாள் உக்கார வச்சுப் பாருங்க. முடியலைன்னா நானே எந்திரிச்சுப் போயிர்றேன்.”

அவர் எழுந்துகொண்டார். “சரிக்கா. ஷீட்டு மாத்துற அன்னிக்கு வாங்க,” என்றார். என்னிடம் பால் வெள்ளை கொண்டுவரச் சொன்னார்.

ஷீட் வர நான்கு நாள் ஆனது. மூன்றாவது நாள் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசற்படி இருப்பது தெரியாமல் இடித்துக்கொண்டு, நிலையைப் பிடித்துச் சமாளித்து நின்றாள். மகாராணி ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்தாள்.

“ஈஸ்வரா, ஒரு உதவி செய்யி அப்பு. எனக்கு நேர் மேல மட்டும் பால் வெள்ளை வேண்டாம். கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்காமே, வானம் தெரியுற மாதிரி. அதப் போட்டுரு.”

“அது வெயிலை அப்பிடியே எறக்கும்க்கா. காய் வெளுத்துரும். முதலாளி என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு.”

“ஒரு நாளைக்குத்தானே. அன்னிக்கு நான் பாத்துக் காட்டிட்டேன்னா அப்புறம் நீ எதையும் போடு. மூணு நாளாக் கண்ணுல புகை மாதிரி அடைக்குது. அழுததுல வீங்கிக் கெடக்கு, அம்புட்டுத்தான். நல்ல வெளிச்சம் விழுந்தா தெரிஞ்சுரும்.”

புகை மாதிரி என்றதும் மகாராணி என்னைப் பார்த்தாள்; அப்படி வந்தால் உடனே ஓடிவரச் சொல்லியிருந்தாராம் டாக்டர். “அக்கா, காலையில முத பஸ்சுக்கு மதுரைக்குப் போயிருவோம். நான் கூட வர்றேன்,” என்றாள்.

“போறேன் ஆத்தா. அந்த ஒரு நாள் முடியட்டும், மறுநாளே போறேன். இப்பப் போயி அவுக படுக்க வச்சுட்டா, இங்க என் இடத்துல ஆளப் போட்டுருவாங்கல்ல.”

எவ்வளவோ சொன்னோம். மகாராணி திட்டியும் பார்த்தாள். அவள் எங்கள் இரண்டு பேர் கையையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டாள். சரி என்றேன். பாண்டித்துரைக்குத் தெரியாமல் ஒரே ஒரு கண்ணாடி ஷீட் வாங்கிவந்து பால் வெள்ளைக்கு நடுவே வைத்தேன். இருபது வருடத்தில் சொன்ன ஷீட்டை மாற்றி வைத்தது அந்த ஒரு தடவைதான்.

ஷீட்டு மாற்றுகிற அன்றைக்கு விடிந்ததும் ஏறிவிட்டேன். திறப்பும் ஸ்குரூ ஓட்டையும் தயாராக இருந்ததால் இந்தத் தடவை வேலை வேகமாக ஓடியது. கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பச்சையாகக் கழற்றி வெள்ளையைப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்று மாறும்போதும் கீழே அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெளிந்தது. ஒன்பது மணிக்குப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சுருளியக்கா தலை குளித்து, நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். மகாராணி கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவள் இடத்தில் உட்காரவைத்து, தட்டில் காயைக் கொட்டிக் கொடுத்தாள். அக்கா தட்டைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவள் தலைக்கு மேலிருந்த பச்சைதான் கடைசி. சத்தம் போடாமல் ஸ்குரூவைக் கழற்றி, ஷீட்டை உருவி எடுத்தேன். கண்ணாடி ஷீட்டை உள்ளே தள்ளி, ஒன்பது ஸ்குரூவையும் முடுக்கினேன். பத்து மணி வெயில் அப்படியே இறங்கியது. வரிசையில் இருந்த பெண்கள் கையை நெற்றிக்குக் கொடுத்துக் கண்ணைச் சுருக்கினார்கள். அக்காவின் தட்டிலிருந்த காயில் எது பச்சை, எது வெளுப்பு என்று இருபதடி உயரத்தில் இருந்த எனக்கே தெரிந்தது.

பாண்டித்துரை உள்ளே வந்தார். கண்ணாடி ஷீட்டைப் பார்த்துவிட்டார் என்று அவர் அண்ணாந்ததிலிருந்தே தெரிந்தது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அக்காவிடமிருந்து இரண்டு முழத்தில் நின்று அவளைப் பார்த்தார்.

அக்கா அந்த வெயிலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சுருக்கவில்லை. கையையும் மடியிலிருந்து எடுக்கவில்லை. என் பக்கம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி எங்கேயோ முகத்தைத் தூக்கினாள்.

“ஈஸ்வரா, இன்னும் அந்தப் பச்சையக் கழட்டலையாப்பா? வெரசாக் கழட்டு. முதலாளி வந்துருவாரு.”

மகாராணி தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டித்துரை என்னை நிமிர்ந்து பார்த்து, பேசாதே என்பது போலக் கையை அசைத்தார்.

“இந்தாக்கா, கழட்டிக்கிட்டே இருக்கேன்,” என்றேன். ஸ்பேனரை எடுத்து, எந்த வேலையும் இல்லாத இரும்புக் கம்பியின் மேல் தட்டத் தொடங்கினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் தட்டைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.